கண்ணைச் சுற்றிக் கத்தரிக்காய்

அக்டோபர் 27, திங்கள்

காலையில் எழுந்ததும் தேனில் ஊறிய பூண்டு ஆறு பல். அப்புறம் காபி. அப்புறம் கண்ணாடி. மூன்றும் மனிதனுக்கு நல்லது என்று எவனோ சொன்னான். மூன்றாவதைச் சொன்னபோது அவன் என் முகத்தைப் பார்த்திருக்க மாட்டான்.

மத்தியானம் கம்பெனியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு டாக்டர் தாரணியைப் பார்த்து வந்தேன். ஸ்டோர்ஸ் கிளார்க் அய்யாசாமி, வயது ஐம்பத்திரண்டு, மூக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று: நவம்பர் 11. வீட்டில் சொல்லியிருப்பது, "உள்ளே எலும்பு வளைஞ்சிருக்கு, மூச்சு விட முடியலை" என்று. அது நிஜம்தான். முக்கால் நிஜம். மீதிக் கால் பங்கை டாக்டரிடம் மட்டும், கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"உள்ளே சரி பண்றப்போ, மேலே அந்த மேடு இருக்குதில்லம்மா, அதையும்..."

"கொஞ்சமா, முழுசாவா அங்கிள்?" என்றாள், முடிதிருத்தும் கடையில் கேட்பதுபோல. சின்னப் பெண். கோயம்புத்தூரிலிருந்து மைசூருக்குக் கல்யாணமாகி வந்தவள். சிரிக்காமல் கேட்டதற்காகவே அவளிடம் தலையையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

ஏன் இந்த வயதில்? நாட்குறிப்பில் பொய் சொன்னால் யாரை ஏமாற்ற? இருபத்தைந்து வருஷமாக இந்த ஊர்த் தமிழ்க் கல்யாண ரிசப்ஷன்களில் மைக் பிடிக்கிறேன். என் முதல் ஜோக் எப்போதும் என் மூக்குதான். "நான் இப்பத்தான் வந்தேன். என் மூக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்து, சமையல்கட்டுல சாம்பாரை மோந்து பார்த்திடுச்சு." சிரிப்பார்கள். போன மாதம் ஒரு ரிசப்ஷனில் பெரிய திரை வைத்திருந்தார்கள். கேமராக்காரன் என் மூக்கைப் பத்தடி உயரத்துக்குக் காட்டினான். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. மண்டபம் சிரித்துவிட்டது. நானாகச் சிரிக்க வைத்தால் அது தொழில். தானாகச் சிரித்தால்? சரி, விடு.

என் மகள் மனிஷாவுக்கும் இதே மூக்கு, அப்படியே அச்சு. ஆனால் அவளுக்கு அது லட்சணமாக இருக்கிறது. அதே சட்டை வேறொருவர் போட்டால் நன்றாக இருப்பதில்லையா, அதுபோல.

டாக்டர் ஒரு தாள் கொடுத்தாள். ஆஸ்பிரின், வலி மாத்திரை, மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, கார்லிக்... இரண்டு வாரம் தொடக் கூடாது. தொட்டால் ரத்தம் சீக்கிரம் உறையாது, கண்ணைச் சுற்றிக் கறுப்பு அதிகம் கட்டும். நான் எந்த மாத்திரையும் சாப்பிடுகிற ஆள் இல்லை. எல்லாவற்றுக்கும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

மூக்கு ஆபரேஷனுக்குப் பின் கறுப்பு கட்டாமல் இருக்க அன்னாசிப் பழம் சாப்பிட வேண்டும் என்று போன் வீடியோவில் ஒரு அம்மா சொன்னாள். தேவராஜ மார்க்கெட்டில் இரண்டு வாங்கி வந்து ஒன்றை நானே முடித்தேன். நாக்கு புண்ணாகிவிட்டது.

சொர்ணலதா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கி, "எத்தனாவது மாசமுங்க?" என்றாள்.

கட்டிக்கொண்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஊரைச் சிரிக்க வைக்கிறவன் நான் என்று ஊர் நினைக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

நாளை. பை தயார். இன்று தெம்புக்காகப் பூண்டு பத்துப் பல்.

நவம்பர் 11, செவ்வாய்

உயிரோடு இருக்கிறேன். வாய் வழியாக.

நவம்பர் 12, புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. மூக்கின் மேல் கவசம்போல ஒரு பிளாஸ்டர். கண்ணாடியைச் சொர்ணலதா எங்கோ ஒளித்துவைத்துவிட்டாள். சரி, போனில் பார்க்கலாம் என்று எடுத்தால், அது என் முகத்தை அடையாளம் தெரியாமல் திறக்க மறுத்தது. நாலு வருஷப் பழக்கம் அதற்கும் எனக்கும்.

ரகசிய எண்ணை அழுத்தித் திறந்து பார்த்தேன். இரண்டு கண்ணைச் சுற்றியும் கத்தரிக்காய். பஜ்ஜிக்குப் போடும் நீளக் கத்தரி இல்லை. எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு வாங்குவோமே, கறுப்பே ஓடிய குண்டு ரகம்.

"பரவாயில்லீங்க" என்றாள் சொர்ணலதா. "இன்னிக்கு எனக்குக் காய் வாங்கற வேலை மிச்சம்."

நவம்பர் 13, வியாழன்

ஒரே நாளில் இரண்டு இடி.

முதல் இடி கொள்ளேகாலிலிருந்து. மனிஷாவைப் பெண் பார்க்கத் தை மாதம் வருவதாக இருந்த குடும்பம். பையன் பெயர் தருண்குமார், தண்ணீர்க் குழாய் மோட்டார் கம்பெனியில் என்ஜினியர். அவனை டிசம்பரில் புனேவுக்கு மாற்றுகிறார்களாம். அதனால் அமாவாசை கழித்து, வளர்பிறையில், 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையே வந்து பார்த்துவிடுகிறோம் என்று போன். சொர்ணலதா ரிசீவ் பண்ணினாள். நான் கட்டிலில் இருந்து இரண்டு கையையும் ஆட்டி "வேண்டாம், வேண்டாம்" என்று சைகை காட்டினேன். "ஆமாங்க, அவரும் பக்கத்துலதான் இருக்கறாரு, ரொம்ப சந்தோசப்படறாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பத்து நாள். பத்தே நாள். கத்தரிக்காயோடு சம்பந்தி வீட்டாரைக் கும்பிடுவதா?

இரண்டாவது இடி சாயங்காலம் டாக்டரிடம். முகத்தைப் பார்த்ததும் அவள் புருவம் சுருங்கியது.

"இவ்ளோ கறுப்பு வரக் கூடாதே. ஆபரேஷன்லயும் ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருந்துச்சு. லிஸ்டுல இருந்தது எதாவது சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

பக்கத்து நாற்காலியிலிருந்து சொர்ணலதா உதவிக்கு வந்தாள். "மாத்திரை ஒண்ணையும் தொடலீங்க டாக்டர். பூண்டு மட்டுந்தான். தேன்ல ஊறப்போட்டது, தினம் ஆறு. முந்தின நாள் மட்டும் பத்து."

டாக்டர் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். "கார்லிக்னு எழுதியிருந்தேனே அங்கிள்?"

"அது கார்லிக் மாத்திரைன்னு நெனச்சேன். இது சாப்பாடு."

"அது உங்க ரத்தத்துக்குத் தெரியாதே."

கறுப்பு சீக்கிரம் போக ஏதாவது மாத்திரை கொடு, பத்து நாளில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றேன். "உங்களையா?" என்றாள். இந்தப் பெண்ணைக் கொஞ்ச நாள் மேடையில் ஏற்றினால் என் பிழைப்பு போய்விடும்.

பிறகு பொறுமையாகச் சொன்னாள். வீக்கத்துக்கான ஊசியை ஆபரேஷன் அன்றே போட்டுவிட்டாளாம். இப்போது ஒரு மாத்திரை, ஒரு வாரத்துக்கு, காலை மாலை. "இது கறுப்பை ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி போக வைக்கலாம். வைக்காமலும் இருக்கலாம். உதவும்னு சில ஆராய்ச்சி சொல்லுது, பெருசா வித்தியாசம் இல்லைன்னு சிலது சொல்லுது. பத்து நாள் கறுப்பு ரெண்டு நாள்ல போகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நாளைக்கும் ஐஸ் வைங்க, மூக்கு மேல இல்ல, கன்னத்துல. மூணு தலைகாணி. குனியக் கூடாது, மூக்கு சிந்தக் கூடாது. என்னைக் கேக்காம எதையும் வாயில போடக் கூடாது."

"ஜோக் அடிக்கலாமா?"

"அடிங்க. நீங்க சிரிக்காதீங்க, தையல் இருக்கு."

நவம்பர் 14, வெள்ளி

தெருவுக்கு நாங்கள் சொல்லியிருக்கும் கதை: பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். கதையைக் கேட்டுவிட்டு எதிர் வீட்டு லிங்கப்பன் ஒரு குட்டிப் புட்டியோடு வந்தார். ரயில்வேயில் ரிட்டையர் ஆன கன்னடக்காரர். பென்ஷன் வர ஆரம்பித்த மாதமே ஹோமியோபதிப் புத்தகமும் வாங்கிவிட்டார். எங்கள் பேட்டையான அக்ரஹாரத்தில் அவர் உருண்டையைத் தின்னாதவர்கள் இல்லை. குணமானவர்கள் பற்றி நான் எழுத மாட்டேன், எதிர் வீடு.

"ஆர்னிகா, அய்யாசாமியவரே. அடி பட்ட கறுப்புக்கு இதுக்கு மேலே இல்லை. ஆனா காபி கூடாது. வெங்காயம் கூடாது. பெருங்காயமும் பேடா, வேண்டாம்."

காபியும் வெங்காயமும் பெருங்காயமும் போனால் என்னிடம் மிச்சம் இருப்பது கறுப்பு மட்டும்தான். ஆனாலும் 23ஆம் தேதியை நினைத்து வாயைத் திறந்தேன். உருண்டை உதட்டுக்கு வரும்போது மனிஷா புட்டியை வாங்கிக்கொண்டாள்.

"அங்கிள், ஒந்து நிமிஷா. டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுக்கறேன்."

போட்டோ எடுத்து அனுப்பினாள். பதில் வந்தது: இப்போது வேண்டாம், கொடுத்ததை மட்டும் சாப்பிடட்டும், பூண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள். தேன்பூண்டுச் சாடியை மனிஷா லிங்கப்பனுக்கே கொடுத்தனுப்பிவிட்டாள்.

இந்தப் பெண்தான் என்னைப் பார்த்துக்கொள்கிறாள். போனில் மாத்திரைக்கு மணி அடிக்க வைத்திருக்கிறாள். ஆபிசுக்குக் கிளம்பும் முன் ஐஸைத் துணியில் சுற்றி என் கன்னத்தில் பத்து நிமிஷம் பிடிக்கிறாள். அவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று! மேடு வைத்த மூக்கு. கவனமாக, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு. குழந்தையாகப் படம் வரையும்போதும் அப்படித்தான் கடிப்பாள்.

"மூச்சு இப்ப நல்லா வருதாப்பா?"

"வருது கண்ணு."

முக்கால் நிஜம்.

நவம்பர் 16, ஞாயிறு

வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து லிங்கப்பன் வந்தார். கதவைச் சாத்தினார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாப்பது வருஷம் சர்வீஸ். எவ்வளவோ பாத்ரூம் விழுந்தவங்களை நோடியிருக்கேன். ஒரு கண்ணு கறுக்கும். ரெண்டும் கறுக்காது."

நான் முழித்தேன்.

"சொர்ணம்மா ஒள்ளே மனுஷி, நல்லவங்க. கோபம் யாருக்கும் வரும். நான் யாருக்கும் சொல்லல. சப்பாத்திக் கட்டையை மட்டும் கொஞ்ச நாள் மேல் ஷெல்புல வைங்க."

சிரிக்கக் கூடாது, தையல். அழுவது போல முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு கண் கலங்கிப் போனார். சாயங்காலம் சொர்ணலதாவிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று பார்த்தால், "அப்படியே இருக்கட்டுமுங்க. தெருவுல இனி ஒருத்தன் நம்ம வாசல்ல வண்டி நிறுத்த மாட்டான்" என்றாள்.

நவம்பர் 17, திங்கள்

கத்தரி போய்ப் பச்சை மொச்சை வந்திருக்கிறது. ஓரத்தில் எலுமிச்சை. இது மாத்திரையின் வேலையா, நாளின் வேலையா? இரண்டுமே பெருமை கேட்கின்றன.

நவம்பர் 18, செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் தூங்க முடியாது.

பிளாஸ்டர் எடுக்கும் நாள். மனிஷா லீவு போட்டு ஸ்கூட்டரில் கூட்டிப்போனாள். டாக்டர் பிளாஸ்டரை மெல்ல உரித்தாள். கண்ணாடியை நீட்டினாள். வீங்கித்தான் இருந்தது, ஆனால் நேராக இருந்தது. யாரோ ஒரு கனவான் என் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மேடு சுத்தமா போயிடுச்சு. நீங்க கேட்ட மாதிரியே" என்றாள் டாக்டர் சந்தோஷமாக.

மனிஷா என் பக்கத்தில் நின்றிருந்தாள். "கேட்ட மாதிரியா?" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தோம். ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டாள்.

"மூச்சுக்குன்னுதானே சொன்னீங்க?"

"மூச்சுக்கும்தான் கண்ணு."

"என் மூக்கும் அதேதானேப்பா. அவ்ளோ அசிங்கமாவா இருந்துச்சு?"

அந்த இடத்தில் மனுஷனாக இருப்பவன் என்ன சொல்வான்? நான் சொன்னேன்: "ஒரு வீட்டுக்கு ரெண்டு மூக்கு ஜாஸ்திடா, கார்ப்பரேஷன்ல வரி போடுவான்."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

ஏன்டா வாய் திறந்தே, அய்யாசாமி? ஏன்டா?

நவம்பர் 19, புதன்

மாத்திரை தட்டில் வருகிறது. தண்ணீர் வருகிறது. பேச்சு வரவில்லை.

நவம்பர் 20, வியாழன்

அமாவாசை. சொர்ணலதா சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள். வெங்காயம் இல்லை, இன்று வீட்டில் வெங்காயம் கிடையாது.

"ஞாயித்துக்கிழமை அவங்களை வர வேண்டாம்னு சொல்லச் சொல்றாங்க உங்க மக. டாக்டர் நம்பர் கேட்டு வாங்கி வச்சிருக்கா. மொதல்ல மூக்கைச் சரி பண்ணிக்கிறாளாம், அப்புறம் எவன் வேணா வந்து பாக்கட்டுமாம்." மூக்கைச் சிந்தினாள். அவளால் முடிகிறது. "நான் பெத்த மூஞ்சியை ஒரு நாளும் நான் குறை சொன்னதில்லீங்க. இருபத்தினாலு வருசமா அவ குறை சொன்னதில்ல. ஒரே வாரத்துல நீங்க..."

முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

ஒரே வாரம் இல்லை சொர்ணம். அதுதான் விஷயம். மத்தியானம் முழுக்க மூன்று தலையணையில் சாய்ந்து கணக்குப் போட்டேன். இருபத்தைந்து வருஷம், ஒரு வருஷத்துக்கு இருபது கல்யாணம் என்று வைத்தாலும், எத்தனை மேடை! ஒவ்வொன்றிலும் முதல் ஜோக் மூக்கு. சின்ன வயதில் அவளையும் கூட்டிப்போவேன். ஐஸ்கிரீம் கிடைக்கும் என்று வருவாள். முன்வரிசையில், பட்டுப் பாவாடையில். நான் அங்கே மேலே நின்றுகொண்டு, "இந்த மூக்கை வச்சுக்கிட்டு எனக்குப் பொண்ணு கொடுத்தாரே என் மாமனார், அவரு பார்வைக்கு ஒரு கைதட்டல்!" என்பேன். மண்டபமே சிரிக்கும். அதே மூக்கோடு கீழே ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது.

ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். அதற்குப் பிறகு ஒரு நிகழ்ச்சிக்கும் வந்ததில்லை. படிப்பு இருக்கிறது என்பாள். நானும் நல்ல பெண், படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கேமராக்காரன் ஒரு நாள் பண்ணியதற்கு நான் மூக்கையே வெட்டிக்கொண்டேன். நான் அவளுக்கு எத்தனை நாள் பண்ணினேன்?

நவம்பர் 21, வெள்ளி

அவள் அறைக் கதவைத் தட்டினேன். பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன், மேடைக்குப் போகிறவன் மாதிரி.

"ஜோக் அடிக்கிறதுன்னா வேண்டாம்ப்பா."

"இல்ல. தப்புப் பண்ணிட்டேன்."

"எதுல? ஆபரேஷன்லயா?"

"அதுக்கு முன்னாடியே."

கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு, "அவங்க வரட்டும். அம்மா அழறாங்க. ஆனா நான் முடிவை மாத்தல" என்றாள். கதவைச் சாத்தினாள், ஓசையில்லாமல். ஓசையோடு சாத்தியிருக்கலாம்.

மாத்திரை நேற்றோடு முடிந்துவிட்டது. எனக்கு இப்போது கறுப்பைப் பற்றிக் கவலை இல்லை. அதனால்தானோ என்னவோ, வேகமாகப் போகிறது.

நவம்பர் 22, சனி

பவுடர் ஒத்திகை. சொர்ணலதாவின் காம்பாக்ட். கண்ணுக்குக் கீழே இரண்டு எலுமிச்சை நிறப் பிறை மட்டும்தான் பாக்கி. ஒரு பூச்சு பூசினால் கோயில் கோபுரப் பொம்மை. இரண்டு பூச்சு பூசினால், கோபுரத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்த மறுநாள்.

"தொடைக்காதீங்க. வேர்க்காதீங்க. வாயையும் தொறக்காதீங்க" என்று சொர்ணலதா மூன்று விதிகள் விதித்தாள்.

நவம்பர் 23, ஞாயிறு

வந்தார்கள். பார்த்தார்கள். போனார்கள். வரிசையாக எழுதுகிறேன்.

பத்தரைக்குக் கார். தருண்குமார், அப்பா, அம்மா, அப்பாவின் அக்கா நஞ்சம்மா. இந்த நஞ்சம்மாதான் அந்த வீட்டின் ஹைகோர்ட் என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. மனிஷா கேசரி பாத்தும் காபியும் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தலையைக் கொஞ்சம் ஒரு பக்கமாகத் திருப்பியே வைத்திருந்தாள், மேடு தெரியாத பக்கமாக. என் மகள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நஞ்சம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்கூட்டுல சாதகத்த என்ற தம்பி பாப்பான். மொகத்த நான் பாப்பனுங்க. புள்ள ஆரு சாயல்னு தெரிஞ்சா போதும், பாதி கொணம் தெரிஞ்சு போகும்." மனிஷாவைப் பார்த்தார், சொர்ணலதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காது அம்மா காது. கையி அம்மா கையி. நெத்தி அப்பனோடது. மூக்கு..."

நிறுத்தினார். மறுபடி சொர்ணலதாவின் சின்ன மூக்கு. மறுபடி என் நேர் மூக்கு. மறுபடி மனிஷா.

"மூக்கு ஆருதுங்க? ரெண்டு பேருதும் இல்லையே?"

காபி ஆற்றிக்கொண்டிருந்த சொர்ணலதாவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. பையனின் அம்மா தன் புடவை முந்தானையை ஆராய்ந்தார். மனிஷாவின் தலை இன்னும் கீழே போயிற்று.

எனக்கு மூன்று ஜோக் வந்தது. அத்தனையும் நல்ல ஜோக். ஒன்று, எங்கள் பாட்டனாரைப் பற்றியது; அவர் மூக்கு என்று பொய் சொல்லித் தப்பித்தும் இருக்கலாம். மூன்றையும் முழுங்கினேன்.

கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தேன். சொர்ணலதா "ஏனுங்க!" என்றாள். பவுடர் போயிற்று, எலுமிச்சை வந்தது. பீரோவிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து வந்து நஞ்சம்மா கையில் கொடுத்தேன்.

"அது என் மூக்குங்கம்மா. பதினொண்ணாந்தேதி காலை வரைக்கும் என் மூஞ்சிலதான் இருந்துது. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டேன்."

அட்டையை எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், மனிஷாவோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். "அட, அச்சா இருக்குதே! நல்ல மூக்குத்தானே. இத எதுக்குங்க எடுத்தீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மைக் இல்லாமல் எனக்கு இவ்வளவு பேர் அமைதியாக இருந்ததில்லை.

"ஊரைச் சிரிக்க வைக்கறேன்னு இருபத்தஞ்சு வருசம் மேடை மேடையா அதைக் கிண்டல் பண்ணினேனுங்க. கடைசியில நானே நம்பிட்டேன். மூக்குல ஒண்ணும் தப்பில்ல. அதையே வச்சுக்கிட்டு இவ தினமும் தலை நிமிந்து ஆபிசுக்குப் போறா. எனக்குத்தான் அந்தத் தைரியம் பத்தல."

மூக்கைச் சிந்த வேண்டும்போல இருந்தது. டாக்டர் கூடாது என்றிருக்கிறாள்.

மனிஷா தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்க்கவில்லை, நஞ்சம்மாவைப் பார்த்தாள். நேராக, மேடு முழுசாகத் தெரிய.

"அப்பாவுக்கு அது செட் ஆகலைங்க. எனக்கு ஆகுது."

முதலில் சிரித்தது தருண்குமார். வாயில் கேசரி பாத் இருந்த நேரம். புரையேறி, அவன் அம்மா தலையில் தட்டி, சொர்ணலதா தண்ணீருக்கு ஓடி, ஐந்து நிமிஷம் பெண் பார்ப்பது நின்று பையனைப் பார்ப்பதாக ஆயிற்று. நஞ்சம்மா மட்டும் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு மஞ்சளா இருக்குதே, காமாலைங்களா?"

"இல்லீங்கம்மா. பூண்டு."

விளக்கினேன். மாத்திரை வேறு, சாப்பாடு வேறு என்று நினைத்த கதையை. அவரும் தினம் நாலு பல் சாப்பிடுகிறவராம். ரொம்பப் பயந்துபோனார். "பயப்படாதீங்க, ஆபரேஷனுக்கு முன்னாடிதான் ஆகாது" என்று மனிஷா சமாதானம் சொன்னாள். போகும்போது நஞ்சம்மா, தன் தம்பிக்குப் பயங்கரக் குறட்டை, அந்த டாக்டரம்மா அதற்கும் பார்ப்பாளா என்று கேட்டு நம்பர் வாங்கிக்கொண்டார்.

கார் திரும்பிய பிறகு மனிஷா என் பக்கத்தில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இடது பக்கம் இன்னும் பவுடர் இருக்கு" என்றாள். அவளே துடைத்துவிட்டாள்.

நவம்பர் 24, திங்கள்

கொள்ளேகாலில் பிடித்துவிட்டதாம். மனிஷா, "பையன்கூட இன்னும் ரெண்டு தடவை பேசிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லிவிட்டாள். பேசட்டும். இப்போது என்னோடும் பேசுகிறாள். இன்று பேசியது: "அந்த உப்பை எடுங்க." எடுத்துக் கொடுத்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

கறுப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் போயாயிற்று. நுனி வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம் ஆகும் என்கிறாள் டாக்டர். மூச்சு நிஜமாகவே நன்றாக வருகிறது. தெருவில் எந்த வீட்டில் என்ன சமையல் என்று சொல்ல முடிகிறது. லிங்கப்பன் வீட்டில் தினமும் பூண்டுக் குழம்பு.

நேற்று ஒரு ரிசப்ஷன். மூக்கு ஜோக் இல்லாமல் ஆரம்பித்தேன். கல்யாணச் சாப்பாட்டு வரிசையைப் பற்றிப் புதிதாக ஒன்று எழுதியிருந்தேன். மூன்று பேர் சிரித்தார்கள், அதில் ஒருவர் இருமினார். பரவாயில்லை, இன்னும் வேலை செய்ய வேண்டும்.

இன்று காலை மனிஷா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். எங்கே என்று சொல்லவில்லை. ஒரு மணிக்குத் திரும்பினார்கள். சொர்ணலதா முகம் முழுக்கச் சிரிப்பு. மனிஷா கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். டாக்டர் நம்பர் இன்னும் அவளிடம்தானே இருக்கிறது?

கைக்குட்டையை எடுத்தாள். இடது பக்கம் ஒற்றைக் கல் மூக்குத்தி. சின்னக் கல்லில்லை. பளிச்சென்று, வாசலிலிருந்தே தெரிகிற கல்.

"எட்டு வருசமா குத்திக்கோ குத்திக்கோன்னு கெஞ்சினேன்" என்றாள் சொர்ணலதா. "இன்னிக்கு அவளாக் கூப்பிட்டா. ஆசாரி சின்னதா ஒண்ணு எடுத்தாரு. பெருசு காட்டுங்கன்னுட்டா."

குத்திய இடம் சிவந்து வீங்கியிருந்தது. மனிஷா என் மேஜை டிராயரைத் துழாவினாள்.

"அப்பா, உங்க வீக்க மாத்திரை மிச்சம் இருக்கா?"

"இல்ல. இருந்தாலும் தர மாட்டேன். டாக்டரைக் கேளு."

கேட்டாள். மாத்திரை எல்லாம் வேண்டாம், ரெண்டு வேளை உப்புத் தண்ணீரில் கழுவினால் போதும், கையால் தொடாதே என்று பதில் வந்தது. கழுவினாள். வீக்கத்தில் மூக்கு இன்னும் பெரிதாகத்தான் தெரிகிறது. அரை மணி நேரமாகக் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். நான் ஷேவ் பண்ணக் காத்திருக்கிறேன். நகரச் சொல்ல மனமில்லை.